ஒன்பது தாடிப்பூக் கிழங்குகள்

போன மாதம் நம் குழுவில், மெல்பனில் இருக்கும் நம் வகுப்புக்காரி ஒருத்தி ஒரு பூவின் படம் போட்டிருந்தாள். ஊதாப் பூ. மூன்று இதழ் மேலே நிமிர்ந்து நிற்க, மூன்று இதழ் கீழே தொங்குகிறது. தொங்கும் இதழ் ஒவ்வொன்றின் நடுவிலும் மஞ்சள் மயிர் வரிசையாக, சின்னத் தாடி போல. 'பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் பூத்திருக்கிறது, பெயர் யாருக்காவது தெரியுமா?' என்று கேட்டிருந்தாள். ஒருத்தி ஓர்கிட் என்றீர்கள். ஒருத்தி கல்வாழை என்றீர்கள். இன்னொருத்தி வழக்கம்போலக் கேள்வியைப் பார்க்காமலே காலை வணக்கம் அனுப்பினீர்கள். எனக்குப் பெயர் தெரியும். எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன், அழித்துவிட்டுத் தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

நாம் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது நான் இரண்டு தவணை பாடசாலைக்கு வரவில்லை. திரும்பி வந்ததும் நீங்கள் கேட்டீர்கள். செங்கமாரி என்று சொன்னேன். அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தார்கள். நீங்களும் நம்பி, என் கண் மஞ்சளாக இருக்கிறதா என்று இமையை இழுத்துப் பார்த்தீர்கள். எனக்குச் செங்கமாரி வரவில்லை. நான் வீட்டில் பூட்டி வைக்கப்பட்டிருந்தேன். முதல் பாதிக்கு மற்றவர்கள் காரணம். மறுபாதிக்கு நானே காரணம். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். நமக்கெல்லாம் அறுபத்துநாலு ஆகிறது, இனி யாருக்குப் பயந்து என்ன?

எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டைக்குப் போகும் வழியில், ஒரு லேனின் கடைசி வீடு. லேனின் தலையில் பள்ளிவாசல். உங்களில் இரண்டு மூன்று பேர் வந்திருக்கிறீர்கள். முன்னாலும் பின்னாலும் சீமெந்துப் படி, பக்கவாட்டில் ஒரு துண்டு நிலம், அதற்கப்பால் தாழ்வான மதில், மதிலுக்கு வெளியே லேன். அந்தத் துண்டு நிலத்தில் உம்மா இஞ்சியும் கறிவேப்பிலையும் வைத்திருந்தார்.

என் ராத்தாவை உங்களுக்கு நினைவிருக்காது. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அவளும் நம் கொன்வென்டில்தான் படித்தாள். பத்தொன்பது வயதில் கல்யாணம் முடித்து ஹேவாஹெட்டைக்குப் போனாள். மச்சானுக்குத் தோட்டத்துப் பாதையில் ஒரு சில்லறைக் கடை. கடைக்குப் பின்னால் ஒரு சரிவு நிலம். அங்கே ராத்தா பூ வளர்த்தாள். பங்களாவில் இருந்த வெள்ளைக்கார துரைசானி ஊரைவிட்டுப் போகும்போது, பங்களாத் தோட்டக்காரரிடம் சொல்லி ஒரு கூடை கிழங்கை ராத்தாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனாராம். அதுதான் இந்தப் பூ. ஐரிஸ். எங்கள் வீட்டில் அதற்குத் தாடிப்பூ என்றுதான் பெயர். 'பூவுக்குக் கூடத் தாடி நல்லா வளருது, எனக்குத்தான் மூணு முடிக்கு மேல வரமாட்டேங்குது' என்று வாப்பா தாடையைத் தடவிக்கொள்வார்.

ராத்தாவுக்கு இருபத்திரண்டு வயதாக இருக்கும்போது மச்சான் காய்ச்சலில் மவுத்தானார். ஒரு கிழமைக் காய்ச்சல், ஏழே நாள், அவ்வளவுதான். வாப்பா போய் அவளைக் கூட்டிவந்தார். வேனில் இருந்து இறங்கும்போது அவள் கையில் உடுப்புப் பெட்டி இல்லை, ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் சாம்பலில் புரட்டிய பத்துக் கிழங்குகள். உம்மா அதைக் கண்டதும் 'அல்லாஹ்வே, அவர்ட ஞாபகத்துக்குக் கொண்டு வந்தீக்கிறாளே' என்று அழுதார். வந்திருந்த பெண்கள் எல்லாரும் சேர்ந்து அழுதார்கள். ராத்தா டின்னை யாரிடமும் கொடுக்கவில்லை.

அன்றுதான் அவளுடைய இத்தா தொடங்கியது. நம் குழுவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்காகச் சொல்கிறேன். கணவன் இறந்தால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டில் அடங்கி இருக்க வேண்டும். அலங்காரம் இல்லை, கல்யாணப் பேச்சு இல்லை. அது மார்க்கம். அதற்கு மேல் எங்கள் லேனுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. அதைக் காத்தவர் ஹாஜியார் மாமி. ஹஜ்ஜுக்குப் போய்வந்த முதலாளி ஒருவரின் மனைவி, லேனில் எந்த வீட்டில் இத்தா என்றாலும் அவர்தான் வந்து ஒழுங்கு செய்வார். வந்தார். யன்னல்களுக்குக் கம்பளி போட்டு அடைத்தார். அலுமாரிக் கண்ணாடியில் பழைய பாவாடைத் துணியை ஒட்டினார். இரண்டு போத்தல் கேட்டார். ஒன்றில் நூற்று முப்பது புளியங்கொட்டை எண்ணிப் போட்டார். தினமும் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு கொட்டையை எடுத்து மற்றப் போத்தலில் போட வேண்டும். இது காலியாகி அது நிறைந்தால் இத்தா முடிந்தது.

'வாசல்ல எறங்கப்படாது. முத்தத்துல எறங்கப்படாது. வேத்து ஆம்பிளட கண்ணுல பட்டா எல்லாம் பாழ்' என்றார். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, 'ஒரு தொணப் புள்ள வேணும். தனிய விடப்படாது' என்றார். உம்மாவின் இடுப்பில் தம்பி இருந்தான். வேறு பெண் பிள்ளை இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த அறையின் வாசம் இன்னும் எனக்கு வரும். சாம்பிராணி, ஈரக் கம்பளி, வெள்ளைப் புடவைக்குப் போட்ட கஞ்சி. பகலிலும் விளக்கைப் போட வேண்டும். நான் ராத்தாவுக்குத் தண்ணீர் கொண்டு வருவேன், கதவைத் தட்டுவது யார் என்று பார்த்து வந்து சொல்வேன், மிச்ச நேரம் பாயில் கிடந்து கூரையில் பலகைகளை எண்ணுவேன். காலையில் நீங்கள் பாடசாலைக்குப் போகும் சத்தம் பெரிய ரோட்டில் இருந்து கேட்கும். யாரோ ஒருத்தி தண்ணீர்ப் போத்தலை மதிலில் தட்டிக்கொண்டே போவாள். அது யார் என்று இன்று கேட்டால் ஒருத்தரும் ஒப்புக்கொள்ள மாட்டீர்கள்.

கிழங்கை நடுவது பற்றி ராத்தா இரண்டாம் நாளே பேசினாள். உம்மாவிடம் சொன்னால் இஞ்சி நடுகிறமாதிரி ஆழத்தில் புதைத்துவிடுவார் என்று அவளுக்குப் பயம். இந்தக் கிழங்குக்கு வேர் மட்டும்தான் மண்ணுக்குள் போக வேண்டும். உடம்பு மேலே, முதுகில் வெயில் பட்டுக்கொண்டு கிடக்க வேண்டும். மூடினால் அழுகும். கண்டியில் இது பூக்காது, அதற்குக் குளிர் போதாது. அழுகாமல் உயிரோடு இருந்தால் போதும்.

'இத்தா முடிஞ்ச ஒடனே மேல கொண்டு போகணும்' என்றாள். 'வாப்பா சரின்னு செல்லீக்கிறார். மச்சான்ட உம்மாட தங்கச்சி சாச்சியோட நான் அங்கேயே ஈக்கப் போறேன்.'

'பயமில்லையா ராத்தா?'

'என்னத்துக்குப் பயம்? சிஸ்டர் செல்லீக்கிறாங்க, பூத்தா ஈஸ்டருக்கு சப்பலுக்கு எல்லாப் பூவும் என்கிட்டத்தான் எடுப்பாங்களாம். வேற கோயில்களுக்கும் செல்லித் தருவாங்களாம்.'

கொன்வென்டின் சின்னக் கோயிலான நம் சப்பலில் பூ வைக்கும் சிஸ்டரைத்தான் சொன்னாள். அவர் ராத்தாவுக்கு டீச்சராக இருந்தவர். அப்போது எனக்கு இது பெரிதாகப் படவில்லை. இப்போது பெரிதாகப் படுகிறது. வீட்டில் எல்லாரும் அவள் புருஷனின் நினைவைக் கட்டிக்கொண்டு அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, அவள் தன் காலில் நிற்பதற்கு வழி பார்த்துக்கொண்டிருந்தாள். மச்சானுக்காக அவள் அழவில்லை என்று சொல்லமாட்டேன், அழுதாள். ஆனால் மழை பெய்யும்போது கம்பளியை விலக்கி அவள் பார்த்தது கிழங்குகளைத்தான்.

முதலில் நான்தான் நட்டேன், அவள் யன்னல் இடுக்கால் சொல்லச் சொல்ல. கறிவேப்பிலைக்கு அந்தப்பக்கம், மண்ணை மேடாகக் குவித்து, மேட்டின்மேல் கிழங்கைக் குதிரை ஏற்றி, இரண்டு பக்கமும் வேரைத் தொங்கவிட்டு மூட வேண்டும். ஐப்பசி மழை பின்னேரம் அடித்துப் பெய்து மண்ணைக் கிழங்கின் மேல் தள்ளிவிடும். அதை விலக்கப் போய் ஒரு கிழங்கின் முளையை நகத்தால் கிள்ளிவிட்டேன். இரண்டு நாளில் அது கொழகொழவென்று போய்விட்டது. பத்து ஒன்பதானது. 'நீ இனித் தொடாத' என்றாள் ராத்தா. அதன்பிறகு வேலையை அவளே செய்தாள்.

எப்படி என்று கேட்பீர்கள். எங்கள் லேனில் ஆண்கள் ஒருவர்கூட இல்லாத நேரம் கிழமையில் ஒன்றே ஒன்றுதான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை. நடக்க முடிந்த கிழவர் முதல் வேட்டி கட்டத் தெரியாத பையன் வரை பள்ளிக்குப் போய்விடுவார்கள். உம்மா உள்ளறையில் தொழுதுவிட்டுத் தம்பியை உறங்க வைப்பார். அந்த அரை மணி நேரம்தான் ராத்தாவுடையது.

தொழுகைக்கு முன் நடக்கும் பிரசங்கம், குத்பா, தொடங்கும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டதும் அவள் பின்கதவால் இறங்குவாள். கையில் ஒரு பழைய தேக்கரண்டி. நான் பின்வாசல் சீமெந்துப் படியில் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்க வேண்டும். குத்பா முடியும், தொழுகை தொடங்கும், முடிவில் இமாம் இரண்டு ஸலாம் சொல்வார். இரண்டாவது ஸலாம் கேட்டதும் நான் 'ராத்தா' என்று கூப்பிட வேண்டும். முதல் ஆள் லேனுக்குள் நுழைய ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் அவள் உள்ளே வந்து, கைகழுவி, பாயில் உட்கார்ந்துவிடுவாள்.

வெளியே வந்ததும் முதல் காரியமாக முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளி முகத்தை வெயிலுக்குக் காட்டுவாள். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பாள். பிறகுதான் குந்தியிருந்து வேலை. கரண்டியால் மண்ணைச் சுரண்டி, விரலால் துடைத்து, ஒன்பது முதுகையும் வெளியே எடுப்பாள். உள்ளே வரும்போது மூக்கின் மேல் சிவந்திருக்கும். அன்றைக்குச் சோறு இரண்டு பிடி கூடச் சாப்பிடுவாள்.

கார்த்திகை மாதம் பங்களாத் தோட்டக்காரர் வந்தார். தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேற்றுக்கு வெளியிலேயே நின்றார். ராத்தா கதவுக்குப் பின்னால், நான் நடுவில். அவர் பேசியது அவளுக்குக் கேட்கும், ஆனாலும் வழமைப்படி நான் ஒவ்வொன்றாகக் காவிக் கொண்டுபோக வேண்டும்.

'அம்மாகிட்ட சொல்லு பாப்பா. கடைக்குப் பின்னால இருக்கிற நெலத்துல ஐயாவோட அண்ணன் கிட்டங்கி கட்டப்போறாரு. பூவெல்லாம் புடுங்கியாச்சு. நான் புது தொரைகிட்ட கேட்டு, பங்களாவுக்குக் கீழ ஒரு துண்டு நெலம் வாங்கி வச்சிருக்கேன். தை மாசம் முடியிறதுக்குள்ள வந்து நட்டுடணும். அதுக்கு மேல என்னால புடிச்சு வைக்க ஏலாது.'

'தை முடியமுன்ன வருவேன்னு செல்லு' என்றாள் ராத்தா. அவர் போனபிறகு போத்தலைக் கொட்டி எண்ணினாள். தை பிறந்து சில நாளில் கொட்டை முடிந்துவிடும். நேரம் சரியாக இருந்தது. அன்று முதல்தடவையாக அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். மேலே பூத்திருந்தவை எல்லாம் போய்விட்டன, இனி இந்த ஒன்பதுதான்.

இதற்குள் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. அடைத்த அறையில் பத்து வயதுப் பிள்ளை எத்தனை நாள் இருக்கும்? அந்த நேரம் பார்த்துத்தான் நீங்கள் எல்லாரும் பேராதனைப் பூங்காவுக்குச் சுற்றுலா போனீர்கள். பக்கத்து லேன்காரி வந்து கேற்றில் நின்று சொன்னாள், சனிக்கிழமை, பஸ்ஸில், சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு. நான் உம்மாவின் காலைப் பிடித்தேன். உம்மா 'ராத்தாக்கிட்ட கேளு' என்றார். அன்று உம்மா ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

'ராத்தா, ஒரே ஒரு நாள்.'

'நீ போனா நான் தனிய. ஹாஜியார் மாமி தொணைக்கி வந்து ஈந்துடுவா. எனக்கு ஏலாது தங்கச்சி. இன்னம் ஏழு கெழமதான், பொறுத்துக்கோ.'

ஏழு கிழமை அவளுக்குச் சின்னது. எனக்கு அது ஒரு வயதுக்குச் சமம். அழுதேன். அவள் மனம் இரங்கவில்லை. நீங்கள் போய் வந்தீர்கள். திங்கட்கிழமை பக்கத்து லேன்காரி, பூங்காவில் பொறுக்கிய ஒரு காய்ந்த இலையைக் கொண்டுவந்து கேற்றுக் கம்பிக்குள்ளால் தந்தாள். என் உள்ளங்கை மாதிரி இரண்டு மடங்கு பெரிய இலை. அன்பாகத்தான் தந்தாள். அந்த இலையைப் பாய்க்குக் கீழே வைத்துக்கொண்டு நான்கு நாள் ராத்தாவோடு பேசாமல் இருந்தேன். அந்த நான்கு நாளில் ஒரு யோசனை வந்தது. துணைப் பிள்ளை சரியில்லை என்று தெரிந்தால் வேறொருத்தியைப் போடுவார்கள். நான் பாடசாலைக்குப் போகலாம்.

வெள்ளிக்கிழமை வந்தது. நல்ல வெயில். ராத்தா இறங்கிப் போனாள். நான் படியில் உட்கார்ந்தேன். குத்பா முடிந்தது. தொழுகை முடிந்தது. முதல் ஸலாம் கேட்டது. இரண்டாவது ஸலாமும் கேட்டது, ஒரு எழுத்துக் குறையாமல், தெளிவாக.

நான் கூப்பிடவில்லை.

ராத்தா குந்தியிருந்து கடைசிக் கிழங்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முக்காடு தோளில் கிடந்தது. நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாப்பா முதலில் வருவார், இரண்டு சத்தம் போடுவார், என்னை மாற்றுவார். அவ்வளவுதான் என் கணக்கு. வாப்பா வந்தார். ஆனால் தனியாக வரவில்லை. மச்சானின் அண்ணன் அன்று கண்டியில் ஜும்ஆ தொழுதுவிட்டு, பகல் சாப்பாட்டுக்கு அவரோடு வந்திருந்தார். பின்னால் லேன்காரர்கள் ஐந்தாறு பேர். தாழ்வான மதில். எல்லாரும் கண்டார்கள்.

அந்த அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, 'என்ட தம்பி மவுத்தாகி மூணு மாசம் ஆகல்ல' என்று வாப்பாவிடம் மட்டும் சொல்லிவிட்டு, சாப்பிடாமல் போனார். ராத்தா எழுந்து, கரண்டியைக் கறிவேப்பிலை மரத்தடியில் வைத்து, முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். படியில் என்னைக் கடக்கும்போது அவள் புடவை என் முழங்காலில் உரசியது. என்னை அவள் ஒன்றும் கேட்கவில்லை.

உம்மாதான் கேட்டார். 'ஸலாம் கேக்கல்லையா ஒனக்கு?'

'கேக்கல்ல' என்றேன்.

பின்னேரம் ஹாஜியார் மாமி வந்தார். கதிரையில் உட்கார்ந்து, உம்மா கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். 'இத்தா முறிஞ்சி போச்சி. முதல்ல இருந்துதான் இரிக்கணும்.' எழுந்துபோய், நிறைந்துகொண்டிருந்த போத்தலை எடுத்து, அதிலிருந்த எண்பத்தைந்து கொட்டையையும் பழைய போத்தலுக்குள் கொட்டினார். கலகலவென்று அது விழுந்த சத்தம் எனக்கு நேற்றுக் கேட்டதுபோல் இருக்கிறது. ராத்தா வாப்பாவைப் பார்த்தாள். வாப்பா தரையைப் பார்த்தார். நல்ல மனுஷர், எங்களை அடித்தது கிடையாது. ஆனால் அன்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற கோபம் எனக்கு அவர் கபுறில் மண் போட்ட நாளிலும் தீரவில்லை.

மாமி போகும்போது என் தலையைத் தடவினார். 'சின்னப் புள்ள, அது என்ன செய்யும்? இதுவே தொணைக்கி ஈக்கட்டும்' என்றார். எனக்கும் நூற்று முப்பது நாள் முதலில் இருந்து.

இப்போது என் மருமகள் மார்க்கக் கல்வி கற்று மௌலவியா ஆனவள். சென்ற வருடம் இதை யாருக்கோ நடந்ததுபோல அவளிடம் கேட்டேன். 'அப்படி ஒரு சட்டமே இல்ல மாமி' என்று சிரித்தாள். 'இத்தா முறியிறதுமில்ல, திரும்பத் தொடங்குறதுமில்ல. நாள் அது பாட்டுல போகும். சொந்த வீட்டு முத்தத்துல எறங்கினா என்ன? அவவுக்குத் தேவைன்னா பகல்ல வெளியிலயே போகலாமே.' நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். எங்களைப் பூட்டியது மார்க்கம் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன். பூட்டியது ஒரு தேத்தண்ணீர் குடிக்கிற நேரத்தில் ஒரு மனுஷி சொன்ன வார்த்தை. தெரிந்த ஒருவரிடம் கேட்போம் என்று லேனில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கும் நீட்ட விருப்பமில்லை. பின்கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். நானும் முற்றத்தில் இறங்கக்கூடாது. உம்மாவுக்கு மகளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் அருமையாக வைத்திருந்த கிழங்கையாவது பார்ப்போம் என்று, ஆட்டெருவும் வைக்கோலும் மண்ணும் கலந்து ஒன்பதையும் ஒரு சாண் உயரத்துக்கு மூடிவிட்டார். நான் யன்னலில் இருந்து கத்தினேன்.

'உம்மா, மூடப்படாது! முதுகு வெளிய ஈக்கணும்!'

'எனக்கு இஞ்சி நடத் தெரியாதா? நீ சும்மா ஈ.'

மார்கழி மழை பத்து நாள் விடாமல் பெய்தது. வாசம் ராத்தாவுக்குத்தான் முதலில் வந்தது. அழுகிய உருளைக்கிழங்கு வாசம். கம்பளியை விலக்கிப் பார்த்தாள். கத்தி மாதிரி நின்ற இலைகள் சாய்ந்து கிடந்தன. அவள் கம்பளியைச் சரியாக இழுத்துவிட்டு, பாயில் வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்குக் கொட்டையை எடுத்துப் போட மறந்துவிட்டாள். நான்தான் போட்டேன்.

தை முடிந்தது. தோட்டக்காரர் வரவில்லை. சித்திரை பிறக்கும்போது இத்தாவும் முடிந்தது. அந்த வருடம் உயிர்த்த ஞாயிறுக்குச் சப்பலில் என்ன பூ வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு நினைவிருந்தாலும் சொல்லவேண்டாம். ஆறு மாதத்தில் ராத்தாவைக் கடுகண்ணாவையில் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கெட்டவர் இல்லை. மூன்று பிள்ளைகள். அவள் வீட்டுக்கு நான் எத்தனையோ தடவை போயிருக்கிறேன், ஒரு சாடியில்கூட ஒரு பூச்செடி கண்டதில்லை.

இப்போது அவளுக்கு எழுபத்தாறு. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். ராத்தா ரயில் பாதைக்கு மேலே மகள் வீட்டில் இருக்கிறாள். முழங்கால் போய்விட்டது, பிடித்துத்தான் நடக்க வேண்டும். அந்தப் படத்தைப் பார்த்தபின் எனக்கு இரண்டு இரவு உறக்கம் இல்லை. மூன்றாம் நாள் பஸ் ஏறினேன். இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். நான் கேட்டேன் ராத்தா, கேட்டும் கூப்பிடவில்லை. இவ்வளவுதான் வசனம். பிலிமத்தலாவை வரைக்கும் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொலைபேசியைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். விரலால் பெரிதாக்கத் தெரியவில்லை, நான் ஆக்கிக் கொடுத்தேன். பூவை அவள் பார்க்கவில்லை. படத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்தாள்.

'முதுகு வெளியத்தான் ஈக்கி' என்றாள். 'தெரிஞ்சவங்க நட்டீக்கிறாங்க.'

'ராத்தா, அண்டைக்கு அந்த வெள்ளிக்கிழம...'

'ஸலாம் எனக்கும் கேட்டிச்சி தங்கச்சி.'

எனக்கு வசனம் மறந்து போனது.

'ரெண்டாவது ஸலாமும் கேட்டிச்சி. திரும்பிப் பார்த்தேன். நீ படியில ஈந்தாய். என்னையே பார்த்துட்டு ஈந்தாய். நீ கூப்பிட்டா எழும்பி வரணும்னுதான் நெனச்சேன். நீ கூப்பிடல்ல.' தொலைபேசியை மடியில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தாள். 'பத்து வயசுப் புள்ள, ஒனக்கு வெளங்கிச்சி. இன்னம் கொஞ்சம் வெயில்ல ஈக்கட்டும்னு விட்டாய். அதுக்குப் பொறகு உம்மாக்கிட்ட கேக்கல்லன்னு பொய்யும் சென்னாய். அந்த வீட்டுல வேற யாரு எனக்கு அப்படிச் செஞ்சாங்க? என்ன நடந்தாலும், அந்த அஞ்சு நிமிசத்த நான் மறக்கல்ல.'

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். ஐம்பத்துநாலு வருடமாக ஒருத்தி அந்த ஐந்து நிமிடத்தை வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறாள்.

'ஓ, அப்படித்தான் ராத்தா' என்றேன்.

'அப்ப வெள்ளிக்கிழமைல வா' என்றாள். 'மகள் நல்லவதான், ஆனா வழுக்கிடும் வழுக்கிடும்னு என்ன வெளிய விடமாட்டா.'

இப்போது ஒவ்வொரு வெள்ளியும் போகிறேன். குத்பா தொடங்கும்போது அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய் முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார வைக்கிறேன். முக்காட்டைப் பின்னுக்குத் தள்ளி முகத்தை வெயிலுக்குக் காட்டுகிறாள். நான் படியில் உட்கார்ந்திருக்கிறேன். இதை உங்களுக்கு எழுதியதற்குக் காரணம், ஒருத்தருக்காவது உண்மை தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான். அவள் இந்தக் குழுவில் இல்லை, தயவுசெய்து யாரும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள். கீழே பள்ளியில் தொழுகை முடிகிறது. முதல் ஸலாம் கேட்கிறது. இரண்டாவது ஸலாம் கேட்கும்போது ராத்தா என் பக்கம் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் வாயைத் திறப்பதில்லை.